முதற் கவளத்திற்கு முன்: பக்கவாதமும் விழுங்கும் சோதனையும்

உண்ணும்போது ஒருவருக்குப் புரையேறினால், அருகிலிருப்பவர் உச்சந்தலையில் மெல்லத் தட்டி, "யாரோ உன்னை நினைக்கிறார்கள்" என்று சொல்வது நம் வீடுகளில் வழக்கம். நினைப்பவர் யாராயினும் ஆகுக. புரையேறுதல் என்பது உடலின் காவல் என்பதை நாம் உணர வேண்டும். உணவுக் குழலுக்குள் செல்ல வேண்டிய பருக்கை மூச்சுக் குழலின் வாயிலை எட்டிப் பார்த்ததும், இருமல் என்னும் காவலன் விழித்தெழுந்து அதை வெளியே தள்ளுகிறான். அந்தக் காவலன் உறங்கிவிட்டால் என்ன நேரும்? அதைப் பற்றியதே இம்மாதப் பாடம்.

இப்பகுதியில் கணக்கு, கடன், கொள்முதல் ஆகியவற்றைப் பற்றியே பெரும்பாலும் எழுதிவரும் நான், மருத்துவப் பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நம் அங்கத்தினர்களில் நடுவயதைக் கடந்தவர்கள் பலர். இரத்த அழுத்தமும் நீரிழிவும் நெசவாளர் தெருவையும் உழவர் தெருவையும் ஒன்றுபோலவே தேடி வருகின்றன. அவற்றின் பின்னே வருவது பக்கவாதம். பக்கவாதம் கண்டவருக்குக் கையும் காலும் விழுந்திருப்பதை எல்லோரும் காண்கிறோம். தொண்டையும் விழுந்திருக்கக்கூடும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நானும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஒரு வீட்டு அனுபவம்

என் தந்தையார் நெசவாளர். ஒருநாள் காலையில் தறியில் அமர்ந்திருந்தபோதே அவருடைய வலக்கை தளர்ந்தது, வாய் ஒரு பக்கம் கோணியது, பேச்சுக் குழறியது. மருத்துவமனையில் சேர்த்தோம். இரண்டாம் நாள் அவர் கண் விழித்து எங்களை அடையாளங் கண்டுகொண்டார். பசியோடு இருப்பாரே என்று என் தாயார் கஞ்சி கொண்டுவந்தார். நான்தான் கரண்டியால் ஊட்டினேன். அவர் ஒருமுறை கூட இருமவில்லை. கிண்ணம் காலியாயிற்று. நாங்கள் மகிழ்ந்தோம்.

நான்காம் நாள் கடுங்காய்ச்சல் கண்டது, மூச்சிரைத்தது. நுரையீரலில் நிமோனியா என்றார்கள். அறுபது கிலோமீட்டர் தொலைவிலிருந்த பெரிய மருத்துவமனைக்கு அவரைக் கொண்டுசென்ற பின்புதான், விழுங்கும் பயிற்சி நிபுணர் ஒருவர் முறைப்படி சோதித்தார். மூக்கின் வழியாக மெல்லிய காமிராக் குழாயைச் செலுத்தி, திரையில் எங்களுக்கும் காட்டினார்கள். தந்தையார் விழுங்கிய நீரில் ஒரு பகுதி, எவ்வித இருமலும் இன்றி, மூச்சுக் குழலுக்குள் அமைதியாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் அன்போடு ஊட்டிய கஞ்சியும் அவ்வழியே சென்றிருக்கிறது.

சங்கங்களைத் தணிக்கை செய்யும்போது பேரேடு சரியாக இருப்பதைக் கொண்டு மட்டும் நாங்கள் திருப்தியடைவதில்லை. கிடங்கைத் திறந்து நூற்சிப்பங்களை எண்ணிப் பார்க்கிறோம். "இருமவில்லை" என்பது ஏட்டுக் கணக்கு மட்டுமே. தொண்டைக்குள் நடப்பதே இருப்பு. தொழிலில் இவ்வேறுபாட்டை நன்கறிந்த நான், தந்தையாரின் படுக்கையருகே அதை மறந்துவிட்டேன்.

விழுங்குதல் என்னும் வேலை

விழுங்குதல் நமக்கு எளிதாகத் தோன்றினும் உண்மையில் அது பலர் கூடிச் செய்யும் வேலை போன்றது. முப்பதுக்கும் அதிகமான தசைகளும், மூளையிலிருந்து புறப்படும் பல நரம்புகளும் அதில் ஈடுபடுகின்றன. நாக்கு உணவைத் திரட்டிப் பின்னே தள்ளுகிறது. அடுத்து ஏறத்தாழ ஒரு விநாடிப் பொழுதில், முகவாய்க்கும் குரல்வளைக்கும் இடையே உள்ள நாவடி எலும்பு மேலும் முன்னுமாக நகர்கிறது. இவ்வெலும்பு குதிரைலாட வடிவமுடையது. வேறு எந்த எலும்போடும் மூட்டாக இணையாமல் தசைகளாலேயே தாங்கப்பட்டிருப்பது. அது நகரும்போது குரல்வளையையும் உடன் இழுத்துச் சென்று நாக்கின் அடியில் ஒதுக்குகிறது. மூச்சுக் குழலின் மூடி கவிழ்கிறது. குரல் நாண்கள் சேர்ந்து மூடிக்கொள்கின்றன. உணவுக் குழலின் வாய் திறக்கிறது. உணவு இறங்கியதும் யாவும் தத்தம் இடத்திற்குத் திரும்புகின்றன.

மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் செல்லாமலோ, இரத்தக் கசிவினாலோ பக்கவாதம் உண்டாகும்போது இந்த ஒழுங்கு குலையலாம். நாவடி எலும்பு தாமதித்து நகரும். அல்லது போதிய தூரம் நகராது. இவற்றோடு தொண்டையின் உணர்ச்சியும் மங்கிப் போயிருந்தால், உணவு வழி தவறியும் இருமல் வராது. இதுவே பேராபத்து. நீர், காப்பி போன்றவை விரைந்து ஓடுவன ஆகையால், கதவு மூடுமுன்னே உள்ளே நுழைந்துவிடுகின்றன. தண்ணீர்தானே என்று நாம் அலட்சியமாகக் கொடுப்பதே பலருக்கு மிகக் கடினமான உணவாகிறது.

இத்தொல்லை அரிதானதன்று. கனடா நாட்டு டொரொன்டோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ரோஸ்மேரி மார்ட்டினோவும் அவருடைய குழுவினரும் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து 2005ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மேலோட்டமான சோதனையில் பக்கவாத நோயாளர் நூற்றுக்கு 37 முதல் 45 பேரிடம் விழுங்கும் குறை தென்பட்டது. நிபுணர் படுக்கையருகே முறையாகச் சோதித்தபோது அது 51 முதல் 55 ஆயிற்று. கருவி கொண்டு பார்த்தபோது 64 முதல் 78 ஆயிற்று. உற்று நோக்குந்தோறும் குறை மிகுதியாகத் தெரிகிறது என்பது இவ்வெண்கள் தரும் பாடம். விழுங்கும் குறை உடையோருக்கு நிமோனியா வரும் அபாயம் மற்றவர்களைக் காட்டிலும் மூன்று மடங்கு. உணவு மூச்சுக் குழலுக்குள் இறங்குவோருக்குப் பதினொரு மடங்கு என்றும் அத்தொகுப்பு காட்டியது.

உள்ளே பார்க்கும் வழிகள்

தொண்டைக்குள் நடப்பதைக் காண மருத்துவர்கள் நம்பியிருக்கும் முறைகள் இரண்டு. முதலாவது, பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து எக்ஸ்ரே கதிரால் அதன் பயணத்தைப் படமெடுத்தல். உணவு எவ்வழிச் செல்கிறது என்பது இதில் நன்கு தெரியும். ஆனால் நோயாளியை எக்ஸ்ரே அறைக்குக் கொண்டுசென்று உட்கார வைக்க வேண்டும். கதிரும் உடலில் படும். ஆகவே விரும்பும்போதெல்லாம் செய்ய இயலாது. இரண்டாவது, என் தந்தையாருக்குச் செய்தது போல மூக்கின் வழியே காமிராக் குழாய் செலுத்துதல். இதைப் படுக்கையருகிலேயே செய்யலாம். எனினும் விழுங்கும் அந்தக் கணத்தில் தொண்டைச் சுவர்கள் குழாயைச் சூழ்ந்துகொள்வதால் காட்சி சற்றே மறைந்துபோகும். இரண்டுக்கும் தனிக் கருவியும் பழகிய நிபுணரும் வேண்டும். சிறிய ஊர்களில் இவை கிட்டுவது அரிது.

இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பக்கூடியதாக ஆய்வாளர்கள் கருதுவது கேளா ஒலிக் கருவி. கருவுற்ற பெண்களுக்கு "ஸ்கேன்" எடுப்பதென்று நாம் சொல்வது இதுவே.

கேளா ஒலியின் வரலாறு

மனிதச் செவி விநாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியையே கேட்கும். மருத்துவக் கருவியின் ஒலியோ பெரும்பாலும் 20 இலட்சம் அதிர்வுகளுக்கு மேற்பட்டது. அது உடலின் மென்மையான பகுதிகளில் விநாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் செல்கிறது. தசையிலிருந்து கொழுப்பிற்கும், கொழுப்பிலிருந்து எலும்பிற்கும் மாறுமிடங்களில் ஒரு பகுதி எதிரொலியாகத் திரும்புகிறது. திரும்பி வரும் நேரத்தைக் கணக்கிட்டுக் கருவி படம் வரைகிறது. கிணற்றுக்குள் குரல் கொடுத்து ஆழத்தை மதிப்பிடுவது போன்றது இது.

இக்கருவியின் பிறப்பில் தொழிலாளருக்கும் பங்கு உண்டு. கொதிகலன்களின் இரும்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கின்றனவா என்று பார்க்கத் தொழிற்சாலைகளில் கேளா ஒலிக் கருவியைப் பயன்படுத்தி வந்தார்கள். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரின் மருத்துவர் இயான் டொனால்ட், 1955ஆம் ஆண்டில் அருகிலிருந்த கொதிகலன் தொழிற்சாலைக்கு, அறுவை செய்து எடுத்த கட்டிகளைக் கொண்டுசென்று அக்கருவியால் சோதித்துப் பார்த்தார். 1958ஆம் ஆண்டில் அவரும் அவருடைய தோழர்களும் மனித உடலில் கண்டவற்றை லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டனர். துணியை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்து அறுந்த இழையைக் காணும் நெசவாளிக்கு, இரும்பின் பழுதைக் காணும் கருவி மனிதனின் பழுதைக் காணவும் உதவியது வியப்பாக இராது.

தொண்டையில் அது காட்டுவது

சோதனை எளிமையானது. நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாயின் அடியில் பசை போன்ற களிம்பைத் தடவி, கருவியின் முனையை நீளவாக்கில் மெல்ல வைக்கிறார்கள். சிறிதளவு நீரையோ, அவர் நிலைக்கேற்ற உணவையோ விழுங்கச் சொல்கிறார்கள். திரையில் நாக்கின் மேற்பரப்பு வெண்மையான வளைகோடாகத் தெரியும். எலும்பு ஒலியை ஊடுருவ விடாதாகையால் நாவடி எலும்பின் பின்னே கருநிழல் விழும். விழுங்கும்போது அந்நிழல் நகர்கிறது. படத்தை நிறுத்தி, ஓய்வு நிலைக்கும் மிகுதியாக நகர்ந்த நிலைக்கும் உள்ள தூரத்தை அளக்கிறார்கள்.

தைவான் நாட்டின் தைப்பேயில் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஆய்வாளர்கள் இத்துறையில் முன்னின்று உழைத்தவர்கள். 2009ஆம் ஆண்டில், பக்கவாதத்தால் விழுங்கும் குறை உற்றவர்களிடம் நாவடி எலும்பும் குரல்வளையும் விழுங்கும்போது எவ்வளவு நெருங்குகின்றன என்பதை அவர்கள் அளந்து எழுதினர். 2012ஆம் ஆண்டில் மேலும் ஒரு படி சென்று, குழாய் வழியே உணவு பெறுவோரையும் வாயால் உண்பவரையும் ஒப்பிட்டனர். நாவடி எலும்பு 1.5 சென்டிமீட்டருக்குக் குறைவாக நகர்ந்தாலும், விழுங்கும்போது நாக்கின் தடிப்பு 1 சென்டிமீட்டருக்குக் குறைவாகவே மாறினாலும், அந்நோயாளிக்குக் குழாய் உணவு தேவைப்படும் நிலை மிகுதி என்று கண்டனர்.

ஜப்பானில் டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருவியைக் கழுத்தின் முன்புறம் வைத்து, குரல் நாண்களுக்குக் கீழே உணவு இறங்குவதையே காண முயன்று, அம்முறையை 2014ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தசையின் பருமனையும் இக்கருவியால் அளக்கலாம். வாரக்கணக்கில் வாயால் உண்ணாதவரின் தசை மெலிகிறதா, பயிற்சியால் தேறுகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்கலாம். எக்ஸ்ரே கதிர் இல்லை. மூக்கில் குழாய் இல்லை. சாதாரண உணவையே கொடுத்துச் சோதிக்கலாம். யாவற்றிலும் மேலாக, நோயாளி கருவியைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. கருவியே படுக்கைக்கு வரும். அறுபது கிலோமீட்டர் வழி நெடுக மூச்சிரைப்போடு கிடந்த தந்தையாரின் தலையை மடியில் தாங்கிச் சென்றவனுக்கு, இதன் பொருள் நன்றாக விளங்குகிறது.

கருவியின் எல்லை

ஆயினும் கருவியைத் தெய்வமாக்குதல் தவறு. காற்று உள்ள இடத்தில் கேளா ஒலி தடைபடும். எலும்பு நிழல் வீசும். ஆதலால் எக்ஸ்ரேயைப் போலத் தொண்டை முழுவதையும் ஒரே படத்தில் இதனால் காட்ட இயலாது. முனையைச் சற்றே அழுத்தினாலும், கோணம் சிறிது மாறினாலும் அளவு மாறும். பழகாத கை தவறான எண்ணைத் தரும். எல்லா மருத்துவமனைகளும் ஏற்றுக்கொண்ட ஒரே அளவுமுறை இன்னும் அமையவில்லை. மேலே கூறிய 2012ஆம் ஆண்டு ஆய்விலேயே, குழாய் உணவு தேவைப்பட்டோரில் பத்துக்கு ஏறத்தாழ ஏழு பேரைத்தான் இவ்வளவுகள் சரியாகக் காட்டின. வாயால் உண்ணக்கூடியவர் சிலரையும் குறையுடையோராகக் காட்டின. எனவே இது மற்ற இரு சோதனைகளுக்கும் துணையேயன்றி மாற்று அன்று.

நம் நாட்டில் வேறொரு நிலையும் உண்டு. கருவிலிருப்பது பெண்ணா ஆணா என்று பார்த்துப் பெண் கருவை அழிக்கும் கொடுமையைத் தடுக்க, 1994ஆம் ஆண்டுச் சட்டம் கேளா ஒலிக் கருவிகளைக் கட்டுப்படுத்துகிறது. பதிவுபெற்ற இடத்தில், தகுதி பெற்றவர்களே அதைப் பயன்படுத்தலாம். அச்சட்டம் தேவையானதே. ஆயினும் விழுங்கும் பயிற்சி நிபுணர் கருவியை எடுத்துக்கொண்டு படுக்கை படுக்கையாகச் செல்லுதல் இங்கே எளிதன்று. ஆகையால் கேளா ஒலிச் சோதனை நம் ஊர் மருத்துவமனைக்கு வரும்வரை காத்திராமல், இன்றே நம் கையிலுள்ளதைச் செய்ய வேண்டும்.

அங்கத்தினர் செய்ய வேண்டியவை

1. வாய் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றில் ஒன்று திடீரெனக் கண்டாலும் உடனே 108 வண்டியை அழைக்க வேண்டும். நோய் கண்ட மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை, தகுதியுடையோருக்கு நாலரை மணி நேரத்திற்குள் கொடுக்க வேண்டியிருப்பதால் அக்குறிப்பு மிக அவசியம்.

2. விழுங்கும் சோதனை முடியும் வரை வாயில் எதையும் கொடுத்தலாகாது. தண்ணீர், காப்பி, கஞ்சி, நாட்டு மருந்து யாவற்றுக்கும் இது பொருந்தும், மாத்திரைக்கும் பொருந்தும். பசியால் வாடுவாரே என்று அஞ்ச வேண்டா. தேவையான நீரையும் சத்தையும் வேறு வழியில் மருத்துவர் கொடுப்பார்.

3. மருத்துவமனையில், "விழுங்கும் சோதனை செய்தாயிற்றா? வாயால் கொடுக்கலாமா?" என்று வினவுங்கள். காமிராவோ எக்ஸ்ரேயோ இல்லாத இடத்திலும், பயிற்சி பெற்ற செவிலியர் படுக்கையருகே செய்யக்கூடிய எளிய சோதனைகள் உள்ளன. 2007ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவில் வகுத்து வெளியிட்ட ஒரு முறையில், முதலில் கூழ் போன்ற உணவு, பின்பு நீர், அதன்பின் கெட்டியான உணவு என்று படிப்படியாகச் சோதிக்கிறார்கள்.

4. மூக்கு வழியே உணவுக் குழாய் போட்டால் அதை அவமானமாகவோ, இறுதிக் கட்டமாகவோ கருதலாகாது. பலருக்கு முதற் சில வாரங்களிலேயே விழுங்கும் ஆற்றல் திரும்புகிறது. குழாய் இருக்கும்போது, "ஒரு வாய்தானே" என்று மறைவாக ஊட்டுவது அன்பின் பெயரால் செய்யும் தீங்கு.

5. வாயால் கொடுக்க அனுமதி கிடைத்த பின்பு, நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்து, சிறு கரண்டியால், ஒரு வாய் விழுங்கிய பின்பே அடுத்த வாய் கொடுக்க வேண்டும். உணவின் பதத்தை நிபுணர் சொன்னபடியே அமைக்க வேண்டும். உண்டபின் அரைமணி நேரம் படுக்க வைக்கலாகாது. பல்லையும் நாக்கையும் நாள்தோறும் தூய்மை செய்ய வேண்டும்; வாயிலுள்ள கிருமிகளே நுரையீரலுக்கு இறங்கி நிமோனியாவை உண்டாக்குகின்றன.

6. உண்டபின் குரல் ஈரமாகக் கரகரத்தல், கன்னத்தில் உணவு தங்குதல், எச்சில் வழிதல், அடிக்கடி காய்ச்சல் வருதல் ஆகியவற்றைக் கண்டால், இருமல் இல்லாவிடினும் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

என் தந்தையார் ஐந்து வாரங்கள் குழாய் உணவில் இருந்தார். பயிற்சியால் விழுங்கும் ஆற்றல் திரும்பியது. இப்போது திண்ணையில் நிமிர்ந்து உட்கார்ந்து தம் இடக்கையால் தாமே உண்கிறார். தறியில் அமர்வதில்லை, மற்றவர் நெய்வதைப் பார்த்துக் குற்றஞ் சொல்லும் ஆற்றல் மட்டும் குறையவில்லை. எல்லா வீடுகளிலும் கதை இவ்வாறு முடிவதில்லை. ஒரு கிண்ணம் கஞ்சியைக் கொடுக்குமுன் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை. நம் அங்கத்தினர்கள் அதைக் கேட்பார்களாயின், இப்பாடத்தின் பயன் அதுவே.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. பக்கவாதம் கண்டவர் இருமாமல் நீர் அருந்தினார் என்பதைக் கொண்டு அவர் சரியாக விழுங்குகிறார் என்று முடிவு செய்யலாமா? காரணம் கூறுக.

2. கேளா ஒலிச் சோதனையின் நன்மைகள் எவை? குறைகள் எவை?

3. நம் ஊருக்கு அண்மையிலுள்ள எந்த மருத்துவமனையில் விழுங்கும் சோதனை செய்யப்படுகிறது? சங்கத்தின் சார்பில் விசாரித்து, அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்க யார் பொறுப்பேற்பது?